அடுத்த மாலைக்குத் தள்ளுபடி

வாங்க வந்தவரை "இனிமே இந்தப் பக்கம் தனியா தல வெச்சிகூடப் படுக்காத" என்று சொல்லி அனுப்பும் கடைக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திருவிடந்தையில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் தமிழரசி. கோயிலுக்குத் திரும்புகிற பாதையில் பழைய மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஈரச்சாக்கு விரித்து, அதில் கல்யாண மாலை அடுக்கி விற்பாள். பெட்டி புருஷன் மாயவனுடையது. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் அதில் கொஞ்சம் வஞ்சிர வாசனை மிச்சமிருக்கும். அதன்மேல் ரோஜா வாசனையும் சேர்ந்து அடிக்கும். பெருமாள் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

தொழில் இதுதான். கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் வருவார்கள். மாலை வாங்கிப் பூஜை செய்து கழுத்தில் போட்டுக்கொண்டு, கோயிலை ஒன்பது சுற்று சுற்றுவார்கள். மாலையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்திரமாக வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் காய்ந்துபோன அதே மாலையோடு ஜோடியாக வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஜோடியாக வந்தால் தமிழரசிக்குப் பெருமை தாங்காது. தனியாக இரண்டாம் முறை வந்து நின்றால் மானம் போகும். அப்படி நின்றவர்கள் ரொம்பப் பேர் இல்லை என்பதுதான் அவளுடைய மொத்தச் சொத்து. "தமிழரசி கையால வாங்கினா ஆறு மாசத்துல மேளம்" என்று கோவளம் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சில் பாதி பெருமாள் கிளப்பியது, பாதி அவளே கிளப்பியது.

அதற்காக ஒரு பழக்கம் வைத்திருந்தாள். மாலை கொடுக்கும்போதே பெயர், நட்சத்திரம், ஊர், போன் நம்பர் எல்லாம் கேட்டுத் தன் செல்போனில் போட்டுக்கொள்வாள். "என் நம்பரையும் போட்டுக்க. முடிஞ்சதும் ஒரு போன் அடி, என்ன?" என்பாள். அடித்தும் விடுவார்கள். யாராவது புதிதாக வந்து விலை கேட்டுத் தயங்கினால், "போன வாரம் மட்டும் மூணு பேருக்கு முடிஞ்சிகீது, கேக்குறியா?" என்று போனைக் காட்டுவாள். இப்படிப் பத்து வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் நம்பர் சேர்ந்திருந்தது. பெரிய கம்பெனிக்காரன் கேட்டால் பொறாமையில் கண்ணீர் விடுவான். அவளுக்கு அது வெறும் பெருமைக் கணக்கு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ரோட்டு முனையில் கண்ணாடிக் கதவு வைத்த மாலைக்கடை வரும்வரை. அங்கே குளிர்பெட்டி இருந்தது. மாலைகள் அதற்குள் மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. காரில் வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்ததும் பிரேக் போட்டார்கள். கார் தமிழரசியிடம் வருவதற்குள் ஜன்னலுக்குள் மாலை ஏறிவிட்டிருக்கும். ஈரச்சாக்கின்மேல் மத்தியானத்துக்குள் பாதிப் பூ துவண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜாக்குலின் வந்தாள். மகளிர் குழுத் தலைவி. இட்லிமாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவள். எந்தக் கூட்டத்துக்கும் ஆள் சேர்க்காமல் அவளால் இருக்க முடியாது.

"தமிழு, ஞாயித்துக்கெழம கோவளத்துல கிளாஸ் கீது. சிறுதொழில் பண்றவங்களுக்கு. மனநெலைய மாத்திட்டா வியாபாரம் தன்னால மாறிடுமாம். ஃப்ரீ. சமோசா குடுக்குறாங்க."

"என் மனசுக்கு இன்னாக்கா கொற? கொற இந்தப் பூவுக்குத்தான். அது வாடாம இருக்க எதனா கிளாஸ் கீதா?"

"பாத்தியா, இதான் நெகட்டிவ்" என்றாள் ஜாக்குலின். அவள் அதற்கு முந்தைய வாரமே ஒரு கிளாஸ் முடித்திருந்தாள்.

வகுப்பு எடுத்தவன் பெயர் ஹேமந்த். அதற்கு முன்பு வீடு வீடாகத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தான். அது விற்கவில்லை. இப்போது விற்பனையில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறான். வைகாசி வெயிலில், காற்றாடி பாதி சுற்றாத சமுதாயக்கூடத்தில், அந்த மகராசன் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். வியர்வை காலரைத் தாண்டி வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் நெகட்டிவ் ஆகிவிடும்போல.

"எல்லாரும் கண்ண மூடுங்க! பத்து வருஷம் கழிச்சு உங்க கடையப் பாருங்க. எத்தன மாடி தெரியுது?"

பஞ்சர் கடைக்காரருக்கு நாலு மாடி தெரிந்தது. பஞ்சர் கடைக்கு எதற்கு நாலு மாடி என்று யாரும் கேட்கவில்லை, கை தட்டினார்கள். ஜாக்குலினுக்கு ஏழு மாடியும் லிஃப்டும் தெரிந்தது. தமிழரசிக்கு, நிழல் நகர்ந்து வெயில் விழுந்துகொண்டிருக்கும் மீன்பெட்டி தெரிந்தது. தண்ணி தெளிக்கக்கூட ஆளில்லாமல் விட்டுவிட்டு வந்தோமே என்று கண்ணைத் திறந்துவிட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தே ஹேமந்த் அவளை எழுப்பி நிற்கவைத்து, கண்ணாடிக் கடையிலிருந்து போனில் கிடக்கும் அறுநூறு நம்பர்வரை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"சிஸ்டர், உங்க பிசினஸ்ல ரிப்பீட் கஸ்டமர் எவ்ளோ பர்சென்ட்?"

"அப்டின்னா இன்னா சார்?"

"ஒருவாட்டி வாங்குனவங்க திரும்ப வந்து வாங்குறது."

"ஐயையோ! வாயக் கழுவுங்க சார்!"

கூடமே சிரித்தது. ஹேமந்த் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை சோகமாகத் தலையை ஆட்டினான். பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"பாத்தீங்களா ஃப்ரெண்ட்ஸ்? கஸ்டமர் திரும்ப வரக்கூடாதுன்னு நெனைக்கிற ஒரு மனசு! சிஸ்டர், உங்க எதிரி அந்தக் கண்ணாடிக் கடை கிடையாது. உங்க பயம். அறுநூறு கஸ்டமர் நம்பர் கையில இருக்கு, ஒரு நாளாவது ஒரு மெசேஜ் போட்டீங்களா? நீங்க புதையல் மேல உக்காந்துட்டு இருக்கீங்க!"

தமிழரசி அதுவரை உட்கார்ந்திருந்தது உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல். ஆனாலும் மைக்கில் சொன்னால் எதற்கும் ஒரு எடுப்பு வந்துவிடுகிறது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கோட்டுப் போட்ட ஆள் அவளைப் பார்த்து 'பிசினஸ்' என்று சொல்லியிருக்கிறான். நம் வியாபாரமே நமக்குத் தெரியவில்லையோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பத்து வருஷம் பார்த்த தொழிலைவிடப் பத்து நிமிஷம் கேட்ட பேச்சு பெரிதாகத் தெரிவது நம் எல்லாருக்கும் நடப்பதுதான்.

முடிவில் எல்லாருடைய போனுக்கும் ஹேமந்த் ஒரு வாசகம் அனுப்பினான். கோடிட்ட இடத்தை நிரப்பி, பழைய வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரேயடியாகத் தட்டிவிட வேண்டியது. ஜாக்குலின் கோட்டில் 'இட்லி மாவு' என்று நிரப்பினாள். பஞ்சர் கடைக்காரர் 'பஞ்சர்' என்று நிரப்பினார். தமிழரசியும் நிரப்பினாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அறுநூற்றுச் சொச்சம் பேரையும் மூன்று கட்டாகப் பிரித்து, எப்படிச் செய்வது என்று ஜாக்குலினிடம் இரண்டு தடவை போனில் கேட்டு எல்லாம் தயார் செய்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, நல்ல நேரம் பார்த்துத் தட்டிவிட்டாள்.

"வணக்கம்! உங்களைப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று. உங்கள் அடுத்த கல்யாண மாலைக்கு 25% தள்ளுபடி! இன்றே முந்துங்கள். மீண்டும் மீண்டும் வருக! தமிழரசி, திருவிடந்தை."

கடலுக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்த மாயவன், கால் மணலைக்கூடத் தட்டாமல் அதை வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"எல்லாருக்குமா அனுப்பிட்ட?"

"ஆமா. ஒரே அமுக்கு."

"கல்யாணம் ஆனவங்களுக்குமா?"

தமிழரசி சோறு வடித்துக்கொண்டிருந்த பானையை அப்படியே விட்டுவிட்டுப் போனைப் பிடுங்கினாள். அதற்குள் அது கையில் துடிக்க ஆரம்பித்திருந்தது.

முதலில் எழுதியது தாம்பரத்து மாமியார் ஒருவர். எழுதியதை இங்கே எழுத முடியாது. திருப்போரூரில் ஒரு மாப்பிள்ளையின் அப்பா, வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டே நாளான ஒரு பெண் அழுதாள். குரோம்பேட்டை ஆள் ஒருவர் மட்டும், "கொஞ்சம் பொறுங்க, கேஸ் கோர்ட்டில் இருக்கிறது" என்று நிதானமாகப் பதில் போட்டிருந்தார். நாலு தடவை மாலை வாங்கியும் முடியாத பல்லாவரத்துப் பையன், நாலுக்கும் சேர்த்துத் தள்ளுபடி உண்டா என்று கேட்டான்.

தமிழரசி ஹேமந்துக்குப் போன் போட்டாள்.

"சார், பேஜாரா பூட்ச்சு சார். எல்லாரும் திட்டுறாங்க."

"எத்தன பேர் ரிப்ளை பண்ணாங்க?"

"நூறு பேருக்கு மேல கீது சார்."

"சூப்பர் சிஸ்டர்! கங்கிராட்ஸ்! நூறு பேர் உங்களப் பத்திப் பேசுறாங்க. கோவமா பேசுறாங்களா, சந்தோஷமா பேசுறாங்களான்னு பாக்காதீங்க. பேசுறாங்களான்னு பாருங்க. இத எப்படி ஹேண்டில் பண்றதுன்னு லெவல் டூல வருது. அதுக்கு மட்டும் சின்ன ஃபீஸ்."

அடுத்த இரண்டு மூன்று நாளில் பேச்சு ஊருக்குள் வந்து சேர்ந்தது. கண்ணாடிக் கடைக்காரன் வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "அந்தம்மா மாலை வேணாங்க. அது ரெண்டாவது கல்யாணத்துக்கும் சேத்துக் கட்டுற மாலை." ராசி என்பது ஆக்க வருஷக்கணக்கு, அழிக்க அரைநாள். அந்த வாரம் மீன்பெட்டிக்குப் பக்கத்தில் ஈ தவிர யாரும் நிற்கவில்லை. ஜாக்குலினுக்கு மட்டும் மாவு இரட்டிப்பாகப் போனது. "உன்னுது எப்டி தமிழு?" என்று அவள் வந்து விசாரித்தபோது தமிழரசிக்கு அவளைக் கடித்து வைக்கலாம்போல இருந்தது.

ஒன்பதாம் நாள் செங்கல்பட்டிலிருந்து ரோகிணி பேசினாள். தை மாதம் கல்யாணமான பெண். காய்ந்த மாலையும் கையுமாக வந்து தமிழரசி காலில் விழுந்துவிட்டுப் போனவள். அன்றைக்கு மாப்பிள்ளை வெயில் என்று காரைவிட்டே இறங்கவில்லை.

"அக்கா, அந்த மெசேஜ் எதுக்கு அனுப்புனீங்க? போனு கூடத்துல சார்ஜுல இருந்துச்சு. நாஸ்தா துன்னுகினு இருந்த எங்க மாமியார் பாத்துட்டாங்க. அடுத்த கல்யாணத்துக்கு இப்பவே சொல்லி வெச்சிட்டியாடின்னு கேட்டு, அன்னிக்கே அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒம்பது நாளாச்சு."

நியாயமாக அந்த நேரத்தில் தமிழரசிக்கு ரோகிணியைப் பற்றித்தான் கவலை வந்திருக்க வேண்டும். வந்ததா? இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது, 'தமிழரசி மாலை ஒண்ணு பிரிஞ்சிடுச்சாம்' என்று நாளைக்குக் கண்ணாடிக் கதவுக்குள் பேசப்போகிற பேச்சு. இந்த ஒன்றை மட்டும் ஒட்டவைத்துவிட்டால் மற்றதெல்லாம் ஒரு மாதத்தில் மறந்துபோகும். இது பிரிந்தால் பெட்டியைத் திருப்பிப் போட்டு மீனே விற்கலாம். "நாளைக்கி நான் வரேன். ரெண்டு பேரும் சேந்து போலாம்" என்றாள்.

"கடல்ல வுட்ட மீனுக்கு நீயே போன் பண்ணிக் கூப்புட்ட, இப்ப நீயே தேடிகினு போற" என்றான் மாயவன். ஆனால் பஸ் நிறுத்தம்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டான்.

செங்கல்பட்டில் ரோகிணியைக் கூட்டிக்கொண்டு மதுராந்தகம் பஸ் ஏறினாள். ரோகிணி தன் துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டாள்:

"மாமியார் பேசுனதுகூடப் பரவால்லக்கா. அவுரு ஒரு வார்த்த பேசல. 'நான் இன்னா பண்றது, அம்மா சொல்றாங்க'ன்னாரு. இத்தினி நாள்ல ஒரு போனு இல்ல. என்மேல அவ்ளோதானா நம்பிக்கை?"

"ஆம்பளைங்க அப்டித்தான், வுடு" என்றாள் தமிழரசி. அவள் மனசு பூராவும் காசியம்மாளிடம் என்ன சொல்லலாம் என்பதிலேயே இருந்தது.

காசியம்மாள்தான் அந்த மாமியார். நெல்மண்டித் தெருவில் வீடு. உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ரோகிணி பையோடு படிக்குக் கீழே நின்றாள். மகன் கோபாலகிருஷ்ணன் கதவை ஒட்டி அம்மாவுக்குப் பின்னால் நின்றான். நிற்கிற தோரணையே, இது யார் வீட்டுச் சண்டையோ என்கிற மாதிரி இருந்தது.

"நீதான் அந்த மாலைக்காரியா? எவளாவது கல்யாணம் ஆன பொண்ணுக்கு அடுத்த கல்யாணத்துக்கு மாலை வாங்குன்னு அனுப்புவாளா? இவ சொல்லாம நீ எப்டி அனுப்புவ?"

"அம்மா, அவ ஒண்ணியும் சொல்லல. அது என் கூறு கெட்ட வேல. ஒரு கிளாஸுக்குப் போனேன். அங்க ஒருத்தன் சொன்னான்னு எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

"கத வுடாத. அப்டி ஒரு முட்டாள்தனத்த எவ பண்ணுவா?"

ஒருத்தி தான் முட்டாள் என்று சத்தியம் செய்தும் நம்ப ஆளில்லாத கொடுமையை என்னவென்று சொல்வது. தமிழரசி போனை எடுத்தாள். அந்தச் செய்தியை அமுக்கி, யார் யாருக்குப் போனது, யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்கிற பட்டியலைத் திறந்தாள்.

"இந்தாங்க, நீங்களே பாருங்க. எத்தினி பேரு!"

"கண்ணாடி உள்ள கீது. நீயே படி."

தமிழரசி படித்தாள். உத்திரம் குரோம்பேட்டை, மகம் போரூர், சித்திரை கேளம்பாக்கம் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே விரலால் தள்ளினாள். காசியம்மாள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இருபது பேர், முப்பது பேர் போயிருக்கும். சட்டென்று விரல் நின்றது.

கோபாலகிருஷ்ணன், பூசம், மதுராந்தகம். படித்தது காலை 7.05.

நிமிர்ந்து பார்த்தாள். கதவோரம் நின்றவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாலை பேரம் பேசிய ஒருவன். 'ஃப்ரெண்டுக்கு' என்று சொல்லிவிட்டு, கடைசியில் நம்பர் கேட்டபோது மெதுவாகத் தன் பெயரையே சொன்னவன்.

"போதும் போதும், நிறுத்து" என்றார் காசியம்மாள். "நம்புறேன். உன் மூஞ்சப் பாத்தாலே தெரிது, நீ பண்ணக்கூடிய ஆளுதான். சரி, போவட்டும். இவ உள்ள வரட்டும். ஆனா இனிமே இவளுக்குப் போனு கெடையாது, இப்பவே எங்கையில குடுத்துரணும். நீயும் பயப்படாத. தமிழரசி மாலை நல்ல மாலைதான், நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம்னு நானே நாலு பேரண்ட சொல்றேன். திருப்போரூர்லகூட எனக்குச் சொந்தம் கீது."

வந்த காரியம் முடிந்தது. கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால் போதும். நாளைக்குக் காலையில் ஈரச்சாக்கை விரித்து, 'மதுராந்தகம் பார்ட்டி சேந்துட்டாங்க' என்று நாலு பேரிடம் சொல்லலாம். கோபாலகிருஷ்ணன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தமிழரசியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான். சொல்லிடாதீங்க என்று உதடு அசைந்தது.

படிக்குக் கீழே ரோகிணி பைக்குள் கைவிட்டுப் போனைத் துழாவிக்கொண்டிருந்தாள். கொடுக்கத்தான். தமிழரசி அதைப் பார்த்தாள். ஒரு தப்பும் செய்யாதவள் அபராதம் கட்டத் தயாராக நிற்கிறாள். எல்லாம் தெரிந்தவன் கும்பிடுகிறான். நடுவில் நான் என் பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன். சீ, என்ன பிழைப்பு இது என்று வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. இதைச் சொன்னால் இந்த வீடு இரண்டாகும், கூடவே தன் பெயரும் போகும் என்று நன்றாகத் தெரிந்தது. இருந்தும் கால் தானாகப் படியிறங்கியது.

"ரோகிணி, அத்த உள்ள வெய்யி. முதல்ல இந்தா, இத நீயே படி."

ரோகிணி வாங்கிப் படித்தாள். முதலில் புரியவில்லை. பிறகு சத்தமாகவே படித்தாள்: "கோபாலகிருஷ்ணன், பூசம், மதுராந்தகம். படித்தது காலை ஏழு அஞ்சு."

"எந்தக் கோபாலகிருஷ்ணன்?" என்றார் காசியம்மாள். "எம்புள்ள எதுக்குடி அங்க மாலை வாங்கப் போறான்? நாப்பது பொண்ணு வரிசையில நின்னுச்சு அவனுக்கு!"

அவர் திரும்பி மகனைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவம்மா… ஃப்ரெண்டு சொன்னான்னு…"

நாற்பது பெண்களும் அந்த இடத்திலேயே கலைந்து போனார்கள். காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரோகிணி புருஷனைப் பார்த்தே கேட்டாள். "எனக்கு வந்த அதே மெசேஜ் உங்களுக்கும் வந்துகீது. எனக்கு முன்னாடியே படிச்சிட்டீங்க. இன்னா பண்ணீங்க?"

"அழிச்சிட்டேன்."

"அப்பால நாஸ்தா துன்னீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ரோகிணி அழுவாள் என்று தமிழரசி நினைத்தாள். அவள் அழவில்லை. போனைத் தமிழரசி கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தெரு கேட்கிற குரலில் கேட்டாள்:

"அக்கா, அந்த இருவத்தஞ்சு பர்சென்ட் இன்னும் கீதா?"

கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தமிழரசி பின்னாலேயே ஓடினாள்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ரோகிணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை நடுவில் வைத்தாள். தமிழரசி இந்தப் பக்கம். அவளுக்கு, நல்லது செய்தோமா, ஒரு குடும்பத்தில் கல்லைத் தூக்கிப் போட்டோமா என்று தெரியவில்லை. தொழில் போனது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஹேமந்த்.

"சிஸ்டர், லெவல் டூ நாளைக்கு ஸ்டார்ட். நீங்கதான் நம்ம சக்சஸ் ஸ்டோரி. ரெண்டு நிமிஷம் வீடியோவுல பேசணும்."

"நைனா, உனக்குக் கல்யாணம் ஆய்ட்ச்சா?"

"இல்ல சிஸ்டர்… பாத்துட்டு இருக்காங்க."

"எங்கிட்ட மட்டும் வந்துறாத" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வண்டி நகர ஆரம்பித்திருந்தது. பின்படியில் யாரோ தொற்றி ஏறினார்கள். கோபாலகிருஷ்ணன். வீட்டில் கட்டியிருந்த லுங்கியோடு, மூச்சு வாங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு இவர்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நடுவில் இருந்த பையைப் பார்த்தான். ரோகிணி ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழரசி நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

கண்டக்டர் வந்து கேட்டார். "எங்க?"

அவன் ரோகிணியைப் பார்த்தான்.

"உன்னத்தான்யா கேக்குறேன். எங்க போவணும்?"

"அவுர எதுக்கு அண்ணாத்த கேக்குறீங்க?" என்றாள் ரோகிணி, ஜன்னல் பக்கமிருந்து தலையைத் திருப்பாமல். "வூட்டுல அவங்க அம்மா கீறாங்க. போன் பண்ணிக் கேட்டுச் சொல்லுவாரு."

முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோபாலகிருஷ்ணன் சட்டைப் பையில் கையை விட்டான். தமிழரசிக்கு ஒரு நொடி திக்கென்றது, மெய்யாகவே போனை எடுக்கப் போகிறானோ என்று. எடுத்தது ஒரு ஐம்பது ரூபாய்த் தாள்.

"செங்கல்பட்டு ஒண்ணு" என்றான். சத்தமாகத்தான் சொன்னான்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். படாளம் தாண்டும்வரை அவன் நின்றுகொண்டே வந்தான். ரோகிணி பையை எடுக்கவில்லை. இறங்கிப் போ என்றும் சொல்லவில்லை.